அக்கா தூங்கிவிட்டாள்

என் இடது காது கேட்காமல் போய் இரண்டு வருடமாகிறது. ஒரு திங்கட்கிழமை காலையில் எழுந்தபோது அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. சளிதான் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு வாரம் ஆவி பிடித்தேன். அப்புறம் போனபோது டாக்டர் தலையை ஆட்டி, மூன்றாம் நாளே வந்திருக்கலாமே என்றார். விஷயம் டாக்டருக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியும். மூன்றாவதாக ஒருவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறைத்ததற்குக் காரணம் என் பிழைப்பு. நான் ஒரு பத்திரிகையில் புதுப் படங்களுக்கும் புதுப் பாட்டுகளுக்கும் மார்க் போடுகிறவன். சனிக்கிழமை, பன்னிரண்டாம் பக்கம், பத்துக்கு இத்தனை. இருபத்திரண்டு வருடத்தில் ஏழுக்கு மேல் யாருக்கும் போட்டதில்லை. அலுவலகத்தில் எனக்கு 'மார்க் வாத்தியார்' என்று பெயர். பாட்டுக்கு மார்க் போடுகிறவனுக்கு ஒரு காது அவுட் என்று தெரிந்தால் யார் வைத்துக்கொள்வார்கள்? ஆகவே கூட்டங்களில் சுவரோரமாக உட்கார்ந்தேன். இடப்பக்கம் யாராவது பேசினால் ஏதோ யோசனையில் இருப்பதுபோல் பாவனை செய்தேன். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். செவிடு என்பதைவிடத் தலைக்கனம் எனக்கு வசதியாக இருந்தது.

தியேட்டரில் பிரச்சினை இல்லை. இடது கோடி இருக்கையில் உட்கார்ந்தால் செத்த காது சுவரைப் பார்த்திருக்கும், நல்ல காதுக்கு மொத்தத் தியேட்டரும் கேட்கும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக் காட்சிக்கு நான் போகிற தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிற பெண்மணி அந்த இருக்கையை எனக்கென்று எடுத்து வைத்துவிடுவார். நான் கேட்டு வாங்கியதில்லை. தானாக நடந்த ஏற்பாடு.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாற்பதை ஒட்டிய வயது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கழுத்தில் ஒரு சால்வையோடு உட்கார்ந்திருப்பார், ஏனென்றால் ஏசிக் காற்று நேராக அவர் பிடரியில்தான் அடிக்கும். படங்களை அவர் பார்ப்பதில்லை, பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களைப் பார்ப்பார். அதிலேயே படத்தை எடைபோட்டுவிடுவார். ஒருமுறை ஒரு பெரிய படத்தைப் பற்றி, "இடைவேளையில காபி வாங்கினவங்க யாரும் திரும்ப உள்ள போக அவசரப்படலை சார்," என்றார். அதை அப்படியே என் பக்கத்தில் போட்டு, படத்துக்கு மூன்று மார்க் கொடுத்தேன். வாசகர்கள் மெச்சினார்கள். அது அவர் சொன்னது என்று நான் எழுதவில்லை. இதுவும் என் கணக்கில் இருக்கிற ஒன்றுதான், ஆனால் இந்தக் கதையில் இது சின்னது.

ஒரு வெள்ளிக்கிழமை டிக்கெட்டோடு ஒரு துண்டுக் காகிதமும் வந்தது. அதில் ஒரு பாட்டின் பெயர் எழுதியிருந்தது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற தன் தங்கை ஒரு பாட்டு போட்டிருக்கிறாள், இன்றைக்குத்தான் வெளியாகிறது, முடிந்தால் கேளுங்கள் என்றார். தெரிந்தவர் என்று நான் தயவு காட்டுகிறவனில்லை என்பதை அவருக்கு நினைவூட்டினேன். எனக்கு இந்த மாதிரி வீராப்பில் குறைச்சலே கிடையாது. அவர் சிரித்தபடி, உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும் என்றார்.

முன்பெல்லாம் ஒரு பாட்டை மூன்று தடவை கேட்பேன். ஒருமுறை ஹெட்போனில், ஒருமுறை வீட்டு ஸ்பீக்கரில், ஒருமுறை சத்தமான தெருவில் நடந்துகொண்டு. மூன்றிலும் நின்றால்தான் அது பாட்டு என்பது என் கட்சி. இதைப் பற்றி மாணவர்களுக்குச் சொற்பொழிவுகூட ஆற்றியிருக்கிறேன். காது போன பிறகு இந்த மூன்று தடவை இரண்டாகி, இரண்டு ஒன்றாகிவிட்டது. அலுப்புத்தான், வேறொன்றுமில்லை. அந்த வாரம் இரண்டு படம், ஐந்து பாட்டு. ஐந்தையும் தியேட்டரிலிருந்து அலுவலகம் போகிற பஸ்ஸில், ஹெட்போனில், பாட்டுக்கு ஒரு தடவை கேட்டு முடித்தேன்.

துண்டுக் காகிதத்தில் இருந்த பாட்டில் ஒரு பெண் பாடினாள். 'தூங்கிட்டியா அக்கா? சன்னல் திறந்திருக்கா?' என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். பின்னால் தாளம் மட்டும் மெதுவாக நான்கு வரி நேரம் ஓடியது. திரும்பவும் ஒரு கேள்வி, திரும்பவும் நான்கு வரிக்கு வெற்றிடம். பாட்டு முழுக்க இதே கதை. எனக்கு எரிச்சலாக வந்தது, கூடவே ஒரு நல்ல வரியும் வந்தது. நல்ல வரி வந்துவிட்டால் எனக்குக் கண் மண் தெரியாது.

நான் எழுதியது இதுதான்: 'தூங்கிட்டியா அக்கா என்று கேட்கிறார் பாடகி. பதில் இல்லை. அக்கா தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் நானும். மார்க்: இரண்டு.'

சனிக்கிழமை காலையிலேயே அந்த வரி பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஆளாளுக்கு அனுப்பினார்கள். அலுவலக லிஃப்டில் ஒருத்தர் என்னைப் பார்த்து, "அக்கா தூங்கிவிட்டாள்," என்று சொல்லித் தோளில் தட்டினார். எங்கள் ஆசிரியருக்கு 'கத்தரி' என்று பெயர், யார் எழுதினாலும் பாதியை வெட்டிவிடுவார். அவரே அந்த வாரம் ஒரு வார்த்தையையும் வெட்டவில்லை. அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், ஒரு வாரத்துக்கான வெள்ளைக் கோட்டுகளை ஒரே மூச்சில் தேய்த்துவிடுவாள். அந்த நேரத்தில் என் ஹெட்போன் அவளுக்கு வேண்டும். பக்கத்தைப் படித்துச் சிரித்திருந்தாள், அவ்வளவு மட்டமான பாட்டு எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க அதையே போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஏங்க, இதுல ரெண்டு பேரு பாடுறாங்களே," என்றாள்.

ஒருத்திதான் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி, இடம் வலம் மாற்றி, என் தலையில் மாட்டினாள்.

தூங்கிட்டியா அக்கா என்ற கேள்வி இப்போது இல்லை. தாளம் மட்டும் இருந்தது. நான்கு வரி கழித்து, என் நல்ல காதுக்குள் இன்னொரு பெண் பாடினாள்.

'முழிச்சுதான் இருக்கேன். நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்.'

அடங்கின, கொஞ்சம் கரகரத்த குரல். தன்னை யாரும் கவனித்துவிடக் கூடாது என்பதுபோலத் தொடங்கி, பிறகு தன்னை மறந்து போகிற குரல். எனக்குத் தெரிந்த குரல். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கண்ணாடித் தடுப்பின் வட்ட ஓட்டை வழியாக 'வாங்க சார்' என்று சொல்கிற குரல். தங்கை பாட்டு போட்டிருக்கிறாள் என்று சொன்னாரே தவிர, தானும் பாடியிருப்பதை அவர் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்திருக்கிறார்.

சின்ன வயதில் ஒரே கட்டிலில் தலைமாடும் கால்மாடுமாகப் படுத்துக்கொண்டு இருட்டில் பேசிக்கொண்ட இரண்டு பேரின் பாட்டு அது. அதனால்தான் ஒருத்தியை வலது ஓரத்திலும் இன்னொருத்தியை இடது ஓரத்திலும் நிறுத்தியிருந்தார்கள். இது பாட்டின் கீழேயே இரண்டு வரியில் எழுதியிருந்தது. நான் அதையும் படிக்கவில்லை. வீட்டு ஸ்பீக்கரில் ஒரே ஒரு தடவை போட்டிருந்தால் என் ஒற்றைக் காதுக்கு இரண்டு பேரும் கேட்டிருப்பார்கள். காது போனது என் தப்பில்லை. ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டது என் தப்பு.

மனைவி மறுபடி இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். "போய்ச் சொல்லிடுங்க. நாளைக்கே," என்றாள். சொல்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு மூன்று வாசகர் கடிதங்கள் வந்தன. இரண்டாவது குரல் ஒன்று இருக்கிறதே, கேட்கவில்லையா என்று மூன்றும் மரியாதையாகவே கேட்டன. கத்தரி அவற்றை என் மேசையில் போட்டு, பாடினவர்களின் சொந்தக்காரர்கள்தான் எழுதியிருப்பார்கள், இல்லையா என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தொண்டையைச் செருமினேன். அவர் கடிதங்களைக் கிழித்துப் போட்டார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை தியேட்டரில் வரிசை நீளமாக இருந்தது. இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இரண்டாவது வெள்ளிக்கிழமை அவர் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது வெள்ளிக்கிழமை ஒரு பெரிய நடிகரின் படம், கண்ணாடி உடையாத குறை. நான்காவது வெள்ளிக்கிழமை ஒரு காக்காய்கூட இல்லை. மழை. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். அவர் டிக்கெட்டை நீட்டிவிட்டு, கையை எடுக்காமல் என்னையே பார்த்தார்.

"படம் எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

"பரவாயில்லை சார்," என்றார்.

வீட்டில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் மனைவி சொல்லியாயிற்றா என்று கேட்பாள். நான் ஒரு சாக்குச் சொல்வேன். நான்காவது வாரம் அவள் கேட்கவில்லை. அது கேட்டதைவிட மோசமாக இருந்தது. எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தில் அந்த வாரம் மூன்று படங்களை வறுத்தெடுத்தேன்.

ஆறாவது வாரம் திங்கட்கிழமை, புது வெளியீடுகள் வரிசையில் அதே பாட்டு மறுபடி வந்தது. 'புதிய வடிவம்' என்று போட்டிருந்தது. இந்த முறை மூன்று தடவை கேட்டேன். ஹெட்போனில் நேராக ஒருமுறை, மாற்றிப் போட்டு ஒருமுறை, ஸ்பீக்கரில் ஒருமுறை. மூன்று தடவையும் தங்கை மட்டும்தான் இருந்தாள். கேள்விக்குப் பின்னால் நான்கு வரிக்கு ஒரு குழல் வந்தது. நல்ல குழல்தான், தேனாக இழைந்தது. அக்கா எங்குமே இல்லை.

பாட்டின் கீழே, 'முதல் வடிவத்தின் குறையைச் சுட்டிக்காட்டிய விமர்சகருக்கு எங்கள் நன்றி' என்று எழுதியிருந்தது.

யாராவது முகத்தில் துப்பியிருந்தால்கூடத் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். நன்றியை என்ன செய்வது? நான்கு நாளில் பாட்டு பற்றிக்கொண்டது. பஸ்ஸில் முணுமுணுத்தார்கள், பக்கத்து வீட்டில் ஓடியது. 'மார்க் வாத்தியார் கைபட்டுத் தேறின பாட்டு' என்று அலுவலகத்தில் ஒருத்தர் கிண்டலடித்தார், கேட்டவர்கள் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை கத்தரியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். காதைச் சொன்னேன், பஸ்ஸைச் சொன்னேன், இரண்டாவது குரலைச் சொன்னேன், கடிதங்களைச் சொன்னேன். பக்கத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"யோவ், ரெண்டு காதும் உள்ளவன் கேட்டு மட்டும் என்னத்தைக் கிழிச்சான்? இதை எங்கிட்ட ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கிக் குடுத்திருப்பேன்ல?"

அவ்வளவுதான். இரண்டு வருடம் நான் பயந்து பயந்து பொத்தி வைத்திருந்த விஷயத்துக்குக் கிடைத்த தண்டனை ஒரு ஸ்பீக்கர். ஐந்து வாரத்துக்கு முன் இதே அறைக்கு வந்து இதையே சொல்லியிருந்தால், அந்தச் சனிக்கிழமையே திருத்தம் வந்திருக்கும். எனக்கு அழுகை வந்தது, சிரித்து வைத்தேன். வருத்தம் தெரிவித்து எழுதிக்கொண்டு வா, இந்த வாரமே மேலே பெட்டி கட்டிப் போடுகிறேன், நன்றாகப் படிப்பார்கள் என்றார் கத்தரி.

அன்று மாலையே எழுதினேன். ஒரு பக்கம். சாமர்த்தியமான வரி ஒன்றுகூட வராமல் பார்த்துக்கொண்டேன். மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, அச்சுக்குப் போகிறதற்கு முன் அந்த அம்மாவிடம் காட்டிவிடுங்கள் என்றாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே தியேட்டருக்குப் போய்விட்டேன். முன்கூடத்தில் ஒருவர் துடைப்பத்தால் ஈரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். கவுன்டரில் அந்தப் பெண்மணி டிக்கெட் அடிக்கிற மெஷினுக்குப் புதுச் சுருளைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஓட்டைக்குக் குனிந்தேன்.

"மேடம், ஒரு விஷயம் சொல்லணும். எனக்கு இடது காது கேக்காது."

அவர் சுருளைச் சரிபார்த்து மூடியைச் சாத்தினார்.

"தெரியும் சார்."

நான் விழித்தேன்.

"இந்த ஓட்டைகிட்ட வர்றவங்க எல்லாரும் வாயைக் கொண்டு வருவாங்க. நீங்க மட்டும் காதைக் கொண்டு வருவீங்க. அதுவும் எப்பவும் ஒரே காது. இடது கோடி சீட்டை உங்களுக்கு எதுக்கு எடுத்து வெச்சேன்னு நினைச்சீங்க?"

அப்படியானால் விமர்சனம் வந்த அன்றைக்கே புரிந்திருக்குமே என்று கேட்டேன். புரிந்தது என்றார். தங்கைதான் அழுதாளாம். அக்கா குரல் தூங்கி வழிகிறது என்று எழுதிவிட்டார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாளாம். அந்தப் பாட்டைப் போட ஒப்புக்கொண்டிருந்த ரேடியோக்காரர் போன் பண்ணி, என் வரியைச் சொல்லிச் சிரித்துவிட்டு, வேண்டாம் என்றாராம்.

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே," என்றேன். சொன்ன பிறகு அந்த வார்த்தை எனக்கே கேவலமாக இருந்தது.

"நான் எப்படி சார் கேக்கறது? மார்க்குக்காகச் சண்டை போடற மாதிரி ஆயிடாதா? வெளிய சொல்லலாம்னா, அது உங்க காது. நீங்க மறைக்கறதை நான் எப்படிச் சொல்றது?" சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன். கடிதாசி எதுவும் வராமயா இருந்திருக்கும்? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டிக்கெட்டைக் குடுத்துட்டு ஒரு நிமிஷம் பாப்பேன். நாலு வாரம் பாத்தேன். அப்புறம்தான் தங்கச்சிகிட்ட, என் குரலை எடுத்துடும்மான்னு சொன்னேன்."

நான்காவது வெள்ளிக்கிழமை. மழை. டிக்கெட்டிலிருந்து எடுக்காத அந்தக் கை. படம் எப்படிப் போகுது என்று நான் கேட்டது. முன்கூடத்தில் துடைப்பக்காரர் வாளியை நகர்த்தும் சத்தம் வந்தது. பையிலிருந்து காகிதத்தை எடுத்து ஓட்டை வழியாகக் கொடுத்தேன். நாளைக்கு வருகிறது என்றேன்.

அவர் நிதானமாகப் படித்தார். ஒரு இடத்தில் திரும்பப் போய்ப் படித்தார். பிறகு நான் மடித்திருந்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"எழுதாதீங்க சார்."

எழுதியே தீருவேன் என்றேன். தப்பு என்னுடையது, அது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்றேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சா என்ன ஆகும்? அந்தப் பாட்டு அரைப் பாட்டுன்னு ஆகும். அக்கா குரலை வெட்டிட்டு மேல வந்தவன்னு அவளைச் சொல்லுவாங்க. புதன்கிழமைதான் ஒரு படத்துல பாட அவளைக் கூப்பிட்டிருக்காங்க. இப்பத்தான் தனியா மைக் முன்னாடி நிக்கப் பழகறா." அவர் குரல் ஏறவே இல்லை. "இதை எழுதினா உங்களுக்கு மனசு லேசாகும். அதுக்கு நானும் அவளும் என்ன பண்ணணும்?"

"போன வாரம் வந்திருந்தா?"

"போன வாரம் வந்திருந்தா வேற," என்றார்.

காகிதத்தைப் பைக்குள் வைத்தேன். அதை அங்கேயே கிழித்துப் போடலாம்தான், ஆனால் கிழிப்பதுகூட ஏதோ நல்ல காரியம் செய்கிற மாதிரித் தோன்றியது. எனக்கு அந்த உரிமையும் இல்லை. நகர்வதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். அவரே பேசினார்.

"என் பக்கத்தைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். தனியா. நிறைய தடவை."

"மார்க் மட்டும் சொல்லுங்க. எழுத வேண்டாம், வாயால சொன்னாப் போதும்."

"எட்டு," என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "நீங்க யாருக்கும் ஏழுக்கு மேல போட்டதில்லை. எனக்கு மட்டும் எதுக்கு சார் பொய் மார்க்?"

கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் குரலை மறுபடி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். தொடக்கத்தில் சுருதி கொஞ்சம் நடுங்கும். இரண்டாவது சரணத்தில் மூச்சு ஓரிடத்தில் முன்னாலேயே தீர்ந்துவிடும். 'நான் பாத்துக்கறேன்' என்ற இடத்தில் என் இருபத்திரண்டு வருட வீராப்பும் ஒன்றுமில்லாமல் போகும்.

"ஆறரை," என்றேன்.

"தங்கச்சிக்கு?"

"ஆறு."

அவர் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, சின்னப் பெண்ணைப்போல, உள்ளுக்குள்ளேயே சிரித்தார். "அவகிட்ட சொல்லமாட்டேன்," என்றார். மெஷின் ஒரு டிக்கெட்டைக் கடித்துத் துப்பியது. இடது கோடி.

படம் தொடங்கியது, ஓடியது. என்ன படம் என்று கேட்காதீர்கள். மறுநாள் அதற்கு ஐந்து மார்க் போட்டேன், அவ்வளவு தெரியும். கத்தரியிடம், வருத்தம் வேண்டாம் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார் என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு அந்தப் பெட்டியில் ஒரு விளம்பரத்தைப் போட்டார். சொன்னபடியே ஸ்பீக்கரும் வாங்கிக் கொடுத்தார். அது என் மேசைமேல் இருக்கிறது. எல்லாப் பாட்டையும் அதில் மூன்று தடவை கேட்கிறேன். அந்தக் காகிதம் இன்னும் என் பையில் இருக்கிறது.

ஆனால் அன்றைய இடைவேளையைச் சொல்லாமல் விட்டால் முழுதாகச் சொன்னதாகாது. விளக்குகள் எரிந்ததும் நான் வெளியே வந்தேன். அடுத்த காட்சிக்கு வரிசை சேர்ந்திருந்தது. முன்கூடத்தின் மேல் மூலையில் இருந்த ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு வந்தது. வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் கூடவே பாடினார்கள். நான் தூண் ஓரமாக, வலது காது கவுன்டரைப் பார்த்திருக்கும்படி நின்றேன்.

தூங்கிட்டியா அக்கா என்று தங்கை கேட்டாள். குழல் தொடங்கியது. அதன்மேல், கண்ணாடி ஓட்டை வழியாக, அடங்கின, கொஞ்சம் கரகரத்த அந்தக் குரல் வந்தது.

"எத்தனை டிக்கெட்?"

மூன்று என்றார் வரிசையில் நின்றவர்.